குமிழி பாட்டிலை ஏன் இறுக்கி மூடிக் கொடுக்கிறார்கள்?

தெரபி அறைக்கு வெளியே காத்திருக்கும் பெற்றோர் பலருக்கும் மனதுக்குள் ஒரு குறை இருக்கும். "விளையாடத்தானே செய்கிறார்கள், இதை வீட்டிலேயே செய்ய மாட்டோமா?" கண்ணாடி வழியே பார்த்தால் அப்படித்தான் தெரியும். இரண்டரை வயதுப் பையன் ஒருவன் பாயில் உட்கார்ந்திருக்கிறான். எதிரே ஸ்பீச் தெரபிஸ்ட், கையில் சோப்புக் குமிழி பாட்டில். நான்கைந்து தடவை ஊதுகிறார். பையன் துள்ளித் துள்ளிக் குமிழிகளை உடைக்கிறான். அப்புறம் மூடியை இறுக்கித் திருகி, பாட்டிலை அவன் கையிலேயே கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுகிறார்.

பையன் திருகிப் பார்க்கிறான், வரவில்லை. பல்லால் கடிக்கிறான், தரையில் தட்டுகிறான். தெரபிஸ்ட் வாயைத் திறக்கவில்லை. புருவத்தை மட்டும் லேசாக உயர்த்தி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏழெட்டு நொடி போகிறது. அவன் பாட்டிலை அவர் பக்கம் நீட்டி, ஒரு கணம் அவர் கண்ணைப் பார்க்கிறான். அந்தக் கணத்திலேயே "திற! திறக்கணுமா? இதோ, திற!" என்று மூடியைத் திறந்து ஊதிவிடுகிறார்.

அந்தப் பையன் அதுவரை வேண்டியதை எட்டி எடுப்பான், எட்டாவிட்டால் அழுவான். இன்னொருவரிடம் கேட்டால் கிடைக்கும் என்பதே அவனுக்குப் பிடிபடாமல் இருந்தது. சொல் வருவதற்கு முன்னால் வர வேண்டியது அதுதான். ஆகவே மூடியை இறுக்கியது வேண்டுமென்றே. சும்மா இருந்தது அதைவிட வேண்டுமென்றே. அவன் நீட்டிய நொடியில், அவன் மனதில் இருந்த ஆசைக்கு 'திற' என்ற சொல்லைச் சேர்த்துக் கொடுத்ததும் தற்செயல் இல்லை. விளையாட்டு என்று நாம் நினைத்தது இப்படி ஒவ்வொரு அடியும் கணக்குப் போட்டுச் செய்த வேலை.

குழந்தைகளுக்கான தெரபியில் ஸ்பீச், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), பிசியோ, பிஹேவியர் என்று பெயர்கள் நிறைய. பெயர் எதுவானாலும், சரியாக நடக்கும் தெரபியின் அடியில் இருப்பது ஏறக்குறைய ஒரே யோசனைதான். குழந்தை தனியாகச் செய்ய முடிவது ஒரு எல்லை, பெரியவர் கைகொடுத்தால் செய்ய முடிவது இன்னோர் எல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி. 1934இல், 37 வயதிலேயே இறந்துபோனவர். பின்னால் 1976இல் டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு கட்டுவதைக் கவனித்து, பெரியவர் செய்யும் உதவிக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: சாரம். கட்டடம் எழும்பும்போது சுற்றிக் கட்டுகிறோமே, அதே சாரம். சுவர் நின்றதும் பிரித்துவிட வேண்டும். கட்டுவதில் இருக்கும் அக்கறை பிரிப்பதிலும் இருந்தால்தான் அது தெரபி. பிரிக்காமலே விட்டால் குழந்தை சாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகிவிடும்.

பேச்சு

பேச்சு தாமதம் என்று சந்தேகம் வந்தால் முதல் வேலை தெரபி இல்லை, காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறான், அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். பாதி கேட்கும் குழந்தையும் திரும்பும். 'ச', 'ஸ' போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் அதற்கு விழாமல் இருக்கலாம்.

இரண்டு வயதில் ஐம்பது சொற்களுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்காவிட்டாலோ ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினார்" என்று பாட்டி சொல்வது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகத் தொடங்கும் குழந்தைகளில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவதும் உண்மை. ஆனால் எந்தக் குழந்தை பிடிக்கும், எது பிடிக்காது என்பது அந்த வயதில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது, அந்தந்த வயதில் நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்துவிடும் திறன்களை மட்டுமே வைத்துக்கொண்டது. "பொறுத்துப் பார்க்கலாம்" என்ற பேச்சுக்கு இடம் குறைய வேண்டும் என்பது அதன் காரணங்களில் ஒன்று.

பேச்சுத் தெரபியில் பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது படங்களும் டேப்லெட்டும்தான். இன்னும் பேசாத குழந்தைக்குப் பட அட்டையைக் கொடுத்து, வேண்டியதற்கு அட்டையை நீட்டச் சொல்லித் தருவார்கள். ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட் இருவரும் 1985இல் உருவாக்கிய முறை இதில் பிரபலமானது. "அட்டை பழகிவிட்டால் பேசவே மாட்டானே" என்ற கவலை நியாயமானதாகத்தான் தோன்றும். ஆனால் 2006இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, நம்பத்தகுந்த தரவு கிடைத்த 27 பேரை எடுத்துப் பார்த்தது. ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குச் சற்றே கூடியிருந்தது. யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம் இல்லை. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்த குழந்தை, வாயால் கேட்பது அட்டையை விடச் சுலபம் என்று தெரிந்ததும் வாயால்தான் கேட்கும். நமக்கே யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் சீட்டு எழுதி நீட்டுவோமா என்ன?

கையும் உடம்பும்

ஆக்குபேஷனல் தெரபி என்ற பெயர்தான் பலரைக் குழப்புகிறது. வேலைக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? குழந்தையின் வேலை உடுத்துவது, சாப்பிடுவது, விளையாடுவது, எழுதுவது. அதைச் செய்ய முடியாமல் எது தடுக்கிறதோ அதைப் பார்ப்பவர் ஓ.டி.

சாக்ஸ் போடத் தெரியாத ஐந்து வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்வோம். நாம் சொல்லித் தரும் முறை முதலிலிருந்து தொடங்கும்: சாக்ஸை எடு, வாயை விரி, கால்விரலை நுழை. இரண்டாவது அடியிலேயே சிக்கிக்கொள்வாள், நாம் பிடுங்கிப் போட்டுவிடுவோம். தினமும் அவள் நினைவில் நிற்பது தோற்றது மட்டும்தான். ஓ.டி. பெரும்பாலும் கடைசியிலிருந்து தொடங்குவார். சாக்ஸைக் குதிகால் தாண்டும் வரை அவரே போட்டுவிட்டு, கணுக்காலுக்கு மேலே இழுக்கும் வேலையை மட்டும் அவளிடம் விடுவார். சரக்கென்று இழுத்தால் முடிந்தது. போட்டு முடித்தது அவள்தான்! அது கைவந்ததும் அடுத்த வாரம் குதிகாலுக்குக் கீழே நிறுத்துவார். அப்புறம் பாதத்தின் நடுவில். அப்புறம் விரலில். ஒவ்வொரு நாளும் வேலை முடிவது அவள் கையில். நாட்டுக்கு நாடு, குடும்பத்துக்குக் குடும்பம் மாறாமல் வேலை செய்யும் உத்தி என்று நான் சொல்லத் துணிவது வெகு சிலதான், இது அதில் ஒன்று. சட்டை, பை ஜிப், பல் துலக்குவது என எதற்கும் பொருந்தும்.

சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு வேறொரு வழி உண்டு. கை கால் ஒத்துழைக்காமல் எதையும் தட்டிவிட்டு, பந்தைத் தவறவிட்டு, 'அவசரக் குடுக்கை' என்று பெயர் வாங்கும் குழந்தைகள் வகுப்புக்கு ஒன்றிரண்டு இருப்பார்கள். நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இது உடலியக்கத்தை ஒருங்கிணைப்பதில் உள்ள உண்மையான சிரமம், அலட்சியம் இல்லை. கனடாவின் ஹெலன் பொலடாய்கோ, ஏஞ்சலா மேண்டிச் இருவரும் இவர்களுக்காக வகுத்த முறையில், என்ன கற்க வேண்டும் என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கும். சைக்கிள், ஷூ லேஸ், எதுவாக இருந்தாலும் சரி. அப்புறம் நான்கு சொற்கள்: இலக்கு, திட்டம், செய், சரிபார். லேஸ் அவிழ்ந்துபோனால் "இப்படிப் பிடி" என்று தெரபிஸ்ட் சொல்வதில்லை. "எந்த இடத்தில் நழுவியது?" என்று கேட்பார். "இந்த வளையம் சின்னதா இருக்கு" என்று குழந்தை தானே கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பார். மறுபடியும் காத்திருப்பது, பாருங்கள்.

ஓ.டி. அறையில் ஊஞ்சல், பெரிய பந்து, அரிசி நிரப்பிய தொட்டி என்று பார்த்திருப்பீர்கள். இது ஜீன் ஏர்ஸ் என்ற அமெரிக்க ஓ.டி. 1970களில் வளர்த்தெடுத்த புலன் ஒருங்கிணைப்புத் தெரபியின் அடையாளம். சத்தம் தாங்காத, சட்டையின் லேபிள் உறுத்தினால் அலறுகிற குழந்தைகளின் அவஸ்தை உண்மை. ஆனால் அதைத் தனி நோயாகப் பெயரிட்டு ஊஞ்சலில் ஆட்டினால் படிப்பு வந்துவிடும் என்பதற்குச் சான்று பலவீனம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012இல் சொன்னதும் இதுதான்: முழுத் திட்டத்தின் ஒரு பகுதியாகச் செய்து பார்க்கலாம், பலன் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். என் கருத்தும் அதுவே. ஊஞ்சல் ஆடியபின் குழந்தை அமைதியாகி ஒரு வேலையில் உட்கார்ந்தால் நல்லது. ஊஞ்சலோடு அமர்வு முடிந்துவிட்டால் அது விளையாட்டு மைதானம்.

கையெழுத்து விஷயத்தில் இது இன்னும் தெளிவு. மணி கோப்பது, களிமண் பிசைவது எல்லாம் விரலுக்கு நல்லதுதான். ஆனால் 2011இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, எழுதும் பயிற்சியே இல்லாத திட்டங்கள் கையெழுத்தைத் திருத்தவில்லை, இருபது அமர்வுக்குக் குறைவான பயிற்சியும் போதவில்லை என்று கண்டது. எழுத்து திருந்த வேண்டுமென்றால் எழுத வேண்டும்.

பிசியோதெரபியிலும் இதே கதைதான். பெருமூளை வாதம் (மூளை பாதிப்பால் உடலசைவு சிரமமாகும் நிலை) உள்ள குழந்தையைப் படுக்க வைத்துக் கை கால்களைத் தெரபிஸ்ட் அசைத்துக் கொடுப்பது ஒருகாலத்தில் பெரிய வழக்கம். ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் குழு 2013இல் இருக்கும் சிகிச்சைகளை எல்லாம் அலசி, போக்குவரத்து விளக்குப்போல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் பிரித்தது. குழந்தை தானே ஓர் இலக்கை வைத்து அசைந்து செய்யும் பயிற்சிகள் பச்சையில் வந்தன. ஒரு பக்கக் கை பலவீனமாக இருக்கும்போது, நல்ல கைக்குச் சில மணி நேரம் உறை மாட்டிவிட்டு, பலவீனக் கையாலேயே விளையாட வைக்கும் முறையும் பச்சை. அழுத்தமூட்டிய ஆக்சிஜன் அறைக்குள் உட்கார வைப்பது சிவப்பு. அதை இன்றும் விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

நடத்தை

பிஹேவியர் தெரபிக்கு ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரிடம் தீவிர ஆதரவும் உண்டு, ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் தீவிர எதிர்ப்பும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒரே இடத்தில் இருக்கிறது. 1987இல் ஓலே ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வில், வாரம் 40 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரண வகுப்பில் படிக்கும் நிலையை அடைந்ததாகச் சொன்னார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் யாருக்கு இந்தப் பயிற்சி, யாருக்கு இல்லை என்று குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை, அதனால் முன்னேற்றம் பயிற்சியால் மட்டும்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. பெரியவர்களான பிறகு பலர் அந்த வகைப் பயிற்சியை வேதனையோடு நினைவுகூர்கிறார்கள்.

இன்று நல்ல இடங்களில் அந்த வடிவம் வெகுவாக மாறிவிட்டது. மேசையில் உட்கார வைத்து "மூக்கைத் தொடு" என்று நூறு தடவை கேட்பதற்குப் பதில், குழந்தை ஏற்கெனவே ரசிக்கும் விளையாட்டுக்குள் புகுந்து அங்கேயே கற்றுத் தருகிறார்கள். சாலி ரோஜர்ஸ், ஜெரால்டின் டாசன் இருவரின் டென்வர் முறை அப்படிப்பட்டது. ஒன்றரை முதல் இரண்டரை வயதுக்குள் இருந்த 48 குழந்தைகளை வைத்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான உதவி பெற்றவர்களைவிட இவர்களுக்கு மொழியும் அறிவுத்திறன் மதிப்பெண்ணும் அதிகம் கூடின. நடத்தைத் தெரபிக்குச் சேர்க்குமுன் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. குழந்தை 'வேண்டாம்' என்று காட்டும்போது அங்கே என்ன செய்கிறார்கள்? கையை ஆட்டுவது, காதைப் பொத்துவது போன்ற யாரையும் துன்புறுத்தாத பழக்கங்களை நிறுத்துவதையே இலக்காக வைத்தால் வேறு இடம் பார்க்கலாம். அந்தப் பழக்கங்கள் குழந்தைக்கு ஆறுதல் தருபவை.

விளையாட்டுத் தெரபி என்று பெயரிலேயே விளையாட்டு உள்ளது தனி ரகம். பயம், இழப்பு, வீட்டில் நடந்த பெரிய குலைவு போன்றவற்றைச் சொல்லத் தெரியாத குழந்தை, பொம்மைகளை வைத்துச் சொல்லும். பேச்சு தாமதத்துக்கோ எழுத்துச் சிரமத்துக்கோ அது மருந்தில்லை.

எழுத்துக்கூட்டல்

டிஸ்லெக்ஸியா (எழுத்துக்கூட்டிப் படிப்பதில் உள்ள சிரமம்) உள்ள குழந்தைக்குக் கண்ணில் குறை என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. வண்ணக் கண்ணாடியும் கண் பயிற்சியும் விற்பனையாவது அதனால்தான். சிரமம் பெரும்பாலும் சொல்லை ஒலிகளாகப் பிரிப்பதிலும், ஒலியை எழுத்தோடு இணைப்பதிலும் இருக்கிறது. 1930களில் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்கமும் தொடங்கிய வழியில் இன்றைய சிறப்பு ஆசிரியர்கள் பலர் வேலை செய்கிறார்கள். பார்ப்பது, சொல்வது, விரலால் வரைவது மூன்றும் ஒரே நேரத்தில் நடக்கும், படிப்படியாக, எதையும் தாண்டாமல்.

தமிழில் இதற்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'கெ' என்று எழுதும்போது ஒற்றைக்கொம்பு முன்னால் நிற்கிறது, ஆனால் ஒலியில் 'எ' பின்னால் வருகிறது. 'கொ' இன்னும் மோசம், ஒரே ஒலிக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால். நமக்குக் கண் பழகிவிட்டது. இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கும் குழந்தை அங்கே முட்டிக்கொண்டு நிற்கும். நல்ல ஆசிரியர் அந்த வரிசையை முதலில் தொடமாட்டார். க், கா, கி என்று கண்ணும் காதும் ஒத்துப்போகும் எழுத்துகளை உறுதியாக்கிவிட்டு, கொம்பு எழுத்துகளைத் தனி வாரமாக எடுப்பார்.

மீதி எண்பது மணி நேரம்

சின்னக் குழந்தை வாரத்தில் எண்பது மணி நேரத்தை ஒட்டி விழித்திருக்கும். தெரபி ஒரு மணி நேரமோ இரண்டோ. கணக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. அறைக்குள் நடப்பதை வீட்டுக்குக் கொண்டுவராவிட்டால் எந்த முறையும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதற்காக அம்மா அப்பா தெரபிஸ்டாக மாறி, மேசை போட்டு உட்கார வேண்டும் என்று பொருளில்லை.

பிரிட்டனில் ஜோனதன் கிரீன் குழு ஆட்டிசம் உள்ள 152 குழந்தைகளோடு நடத்திய ஆய்வில் தெரபிஸ்ட் முக்கியமாக வேலை செய்தது பெற்றோரோடு. பெற்றோரும் குழந்தையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோருக்கே போட்டுக் காட்டினார்கள். "இந்த இடத்தில் அவள் உங்களைப் பார்த்தாள், கவனித்தீர்களா?" 2010இல் வந்த முதல் முடிவில் ஆட்டிச அறிகுறிகளில் பெரிய மாற்றமில்லை, பெற்றோரும் குழந்தையும் பழகும் விதம்தான் நன்றாக மாறியிருந்தது. 2016இல், சுமார் ஆறு ஆண்டு கழித்துப் பார்த்தபோது அறிகுறிகளின் தீவிரமும் குறைந்தே இருந்தது. நமக்குக் கேமரா கூட வேண்டாம், கைபேசியை ஜன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்தால் போதும். முதல் தடவை பார்த்தவர்கள் பலரும் சொல்வது ஒன்றுதான்: "நான் இவ்வளவு பேசுகிறேனா!" குழந்தைக்குப் பதில் சொல்ல ஐந்து நொடிகூடக் கிடைத்திருக்காது. கேள்வியும் நாம், பதிலும் நாம். குமிழி பாட்டிலை வீட்டில் முயன்றுபார்த்தால் இது புரியும். மூன்றாவது நொடியில் கை தானாக மூடிக்குப் போய்விடும்.

தெரபிஸ்டிடம் கேட்க வேண்டியவை அதிகமில்லை. அடுத்த மூன்று மாதத்தில் இவன் எதைச் செய்வான் என்று எதிர்பார்க்கிறீர்கள்? 'கவனம் கூடும்' என்பது பதிலில்லை. 'பத்து நிமிடம் ஒரு விளையாட்டில் உட்காருவான்' என்பது பதில். நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? சில நாள் வேண்டாம் என்று சொல்லக் காரணம் இருக்கலாம், எப்போதுமே வேண்டாம் என்பதற்கு இருக்காது. இந்த வாரம் வீட்டில் என்ன செய்ய? பத்து பயிற்சி எழுதிய தாள் கொடுத்தால் எதையும் செய்ய மாட்டோம், குளிக்கும்போது செய்யும் ஒன்றைச் சொன்னால் செய்வோம். முழுதாகக் குணமாக்கிவிடுவேன் என்று சொல்பவரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. பேசாத குழந்தையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையைத் தட்ட வைத்து 'அவனே எழுதுகிறான்' என்று காட்டுபவரிடமும் அப்படியே. எழுதுவது கையைப் பிடித்தவர்தான், அதுவும் அவருக்கே தெரியாமல், என்பது 1990களின் சோதனைகளிலேயே வெளிப்பட்டுவிட்டது.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடக்கத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளலாம். வைத்த இலக்கை எட்டியதும் சில மாதம் இடைவெளி விடுவது வழக்கமான விஷயம், தெரபிஸ்டோடு சண்டை என்று அர்த்தமில்லை. பள்ளி மாறும்போதோ, எழுத்து வேலை திடீரென்று கூடும்போதோ அதே குழந்தை திரும்ப வரலாம். அப்போது சாக்ஸ் பற்றி யாரும் பேசப்போவதில்லை, கேள்வி வேறாக இருக்கும்.